பூஞ்சையும் வெள்ளைச் சுண்டெலியும்

மண்ணிலும் காற்றிலும், அழுகிக் கிடக்கும் இலையிலும் ஈரம் கசியும் சுவரிலும், மூடி வைத்து மறந்த பழஞ்சோற்றிலும் அடைமழைக் காலத்துத் தோல் செருப்பிலும் பூஞ்சை குடியேறாத இடம் என்று ஒன்றைச் சுட்டுவது அரிது. இவ்வளவு நெருக்கமாக நம்மைச் சூழ்ந்து, நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் தன் வித்துகளை நம் தேகத்துக்குள் அனுப்பிக்கொண்டேயிருக்கும் இப்பெருங்கூட்டத்தில் மனிதனை நோயில் வீழ்த்த வல்லவை மிகச் சிலவே என்பதும், அச்சிலவும் எல்லோரையும் வீழ்த்திவிடுவதில்லை என்பதும் வைத்திய சாஸ்திரத்தை நெடுங்காலம் மயக்கிய விஷயங்கள். நோயாளியின் சளியைக் கண்ணாடித் தட்டில் இட்டு வைத்தால் அதில் ஒரு பூசணம் முளைக்கிறது. அது நோயாளியின் நுரையீரலிலிருந்து வந்ததா, தட்டைத் திறந்த கணத்தில் காற்றிலிருந்து விழுந்ததா என்று யார் சொல்வது? அதைச் சொல்வதற்கென்றே ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் தோன்றியது. ஐயத்துக்குரிய பூஞ்சையை ஒரு சிறு பிராணியின் உடலில் ஏற்றி, அப்பிராணிக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பதே அவ்வழக்கம். முயலிலும் கினிப்பன்றியிலும் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் வெள்ளைச் சுண்டெலியிடம் வந்து நிலைத்த அந்த வழக்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: நோய்வாய்ப்பட்ட சுண்டெலி நமக்குக் கற்பித்ததைவிட, நோய்வாய்ப்பட மறுத்த சுண்டெலி கற்பித்தது அதிகம்.

நுண்ணுயிரால் நோய் வரும் என்ற உண்மை முதலில் பூஞ்சையைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். இத்தாலியில் லோதி நகரத்துப் பக்கத்தில் வாழ்ந்த அகொஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்கள் விறைத்து மாண்டு, மாண்ட உடல்மேல் வெண்பொடி பூத்து நிற்கும் கொள்ளைநோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அந்த வெண்பொடி ஒரு பூஞ்சையே என்றும், ஊசிமுனையில் அதைத் தொட்டு நல்ல புழுவின் உடலில் குத்தினால் அப்புழுவும் அவ்வண்ணமே மடியும் என்றும் 1835-இல் வெளியிட்டார். பாஸ்டரும் காக்கும் தங்கள் கீர்த்திமிக்க ஆராய்ச்சிகளைத் தொடங்குவதற்கு இன்னும் ஒரு தலைமுறைக் காலம் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஷோன்லைன் என்பவர் மனிதரின் தலையில் பொருக்குக் கட்டும் ஒரு சரும ரோகத்தில் பூஞ்சையைக் கண்டார்; பெர்லின் நகரத்து ராபர்ட் ரெமாக் அந்தப் பொருக்கைத் தம் முன்கையிலேயே வைத்து, ரோகத்தைத் தம் உடலில் வரவழைத்துக்கொண்டு, அது தொற்றும் தன்மையது என்று பிரத்தியட்சமாகக் காட்டினார். சருமத்தோடு நின்றுவிடும் நோய்க்கு இத்தகைய துணிவு போதும். நுரையீரலையும் மூளையையும் பற்றிக்கொள்ளும் நோயை ஒருவர் தம் உடலில் வரவழைத்துப் பார்க்க இயலாது. அங்கேதான் பிராணிகள் வேண்டியிருந்தன.

1880-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஒரு விவாதம் மூண்டது. ரொட்டியிலும் சுவரிலும் வளரும் சாதாரணப் பூசணத்தைப் படிப்படியாக உடற்சூட்டுக்குப் பழக்கி வளர்த்தால், அது முயலைக் கொல்லும் கொடிய ஜந்துவாக மாறிவிடும் என்று பவுல் கிராவிட்ஸ் அறிவித்தார். சாதுவான உயிர் பழக்கத்தால் கொலைகாரனாகும் என்ற அந்தக் கொள்கை உண்மையாயிருந்தால், எந்த நோய்க்கும் தனிக் கிருமி உண்டு என்ற காக்கின் கொள்கை ஆட்டங்கண்டிருக்கும். ஆகவே காக்கும் அவருடைய சீடர் காஃப்கியும் விரைந்து மறுப்புரைத்தார்கள்: பழக்கத்தால் எதுவும் மாறவில்லை, கிராவிட்ஸின் தட்டில் இருந்தது தொடக்கத்திலிருந்தே வேறு இனம் என்பது அவர்கள் வாதம். 1882-இல் பெர்ன் நகரத்து லிக்ட்ஹைம் முயல்களின் இரத்தக் குழாயில் பல இனத்து அஸ்பெர்ஜில்லஸ் வித்துகளைச் செலுத்தி அவ்வழக்கைத் தீர்த்துவைத்தார். புகை நிறத்து ஃப்யூமிகேட்டஸ் இனம் முயலைக் கொன்றது. கறுப்பு நிறத்து நைகர் இனத்தை எவ்வளவு செலுத்தியும் முயலுக்கு ஒன்றும் நேரவில்லை. கொல்லாத இனத்தைப் பற்றிய குறிப்பும் கொன்ற இனத்தைப் பற்றிய குறிப்புக்குச் சமமான மதிப்போடு அச்சேறியது இத்துறையில் ஒரு நல்ல தொடக்கம்.

பிராணியின் உடல் எவ்வளவு பெரிய குழப்பத்தைத் தீர்க்கும் என்பதற்கு சான்பிரான்சிஸ்கோவில் 1900-இல் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் உழைத்த சிலருக்குத் தோலிலும் நுரையீரலிலும் கட்டிகள் கிளம்பி உயிரைக் குடித்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு போனஸ் அயர்ஸ் நகரத்தில் போசாதாஸ் என்ற மாணவர் இதே நோயை ஒரு சிப்பாயிடம் கண்டிருந்தார். கட்டியை நுண்காட்டியில் பார்த்தால் கெட்டியான ஓடுடைய உருண்டைகள் தெரிந்தன. அவை புரோட்டோசோவா என்னும் ஓரணு உயிர்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அக்கட்டியின் சீழை வளர்ப்பூடகத்தில் இட்டபோதெல்லாம் வெள்ளைப் பஞ்சு போன்ற பூசணம் முளைத்தது. தட்டு கெட்டுப்போயிற்று என்று அதை எறிந்துவிட்டு மறுபடி இட்டார்கள். மறுபடியும் அதே பூசணம். ஓஃபுல்ஸ், மாஃபிட் என்ற இரு மருத்துவர்கள் இறுதியில் அப்பூசணத்தையே பிராணிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். பிராணிகளின் உடலில் பூசணம் இல்லை. நோயாளியின் கட்டியில் இருந்த அதே ஓடுடைய உருண்டைகள் இருந்தன. அவ்வுருண்டைகளைத் திரும்ப ஊடகத்தில் இட்டால் பூசணம் முளைத்தது. மண்ணில் நூலாகவும் உடலில் உருண்டையாகவும் இரு கோலம் பூணும் ஒரே உயிர் அது. அழுக்கென்று எறியப்பட்ட தட்டுகளில்தான் நோயின் காரணம் அத்தனை நாளும் இருந்திருக்கிறது.

அக்காலத்தில் முயலும் கினிப்பன்றியும் நாயும் குரங்கும் ஆய்வாளரின் கைக்கு எட்டியபடி பயன்பட்டன. சுண்டெலி அவற்றின் இடத்தைப் பிடித்ததற்கு விஞ்ஞானிகளைக் காட்டிலும் ஒரு கிராமத்துப் பெண்மணியே காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கிரான்பி என்ற சிற்றூரில், பள்ளியாசிரியை வேலையை விட்டுவிட்ட அபி லேத்ராப் என்பவர், 1900-ஐ ஒட்டி, பொழுதுபோக்காக எலி வளர்ப்போருக்கு விற்பதற்காகச் சுண்டெலிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். விரைவிலேயே வாங்க வந்தவர்கள் பல்கலைக்கழகத்தாராக இருந்தார்கள். எந்த எலிக்கு எது பிறந்தது என்று அவர் எழுதி வைத்த குறிப்பேடுகளும், பெட்டிபெட்டியாக அவர் அனுப்பிய எலிகளும் இல்லாவிட்டால் ஹார்வர்டில் காசிலும் அவர் மாணவர் லிட்டிலும் தூய வமிசங்களை உண்டாக்கியிருக்க முடியாது; இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் உள்ள சி57 என்ற கறுப்பு வமிசம் அவருடைய பண்ணை எலி ஒன்றின் வழிவந்ததே. 1926-இல் கிளாரா லிஞ்ச் என்ற ஆராய்ச்சியாளர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்திலிருந்து 2 ஆணும் 7 பெண்ணுமாக வெள்ளைச் சுண்டெலிகளை நியூயார்க்குக்குக் கொணர்ந்தார்; நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் மருந்துக் கம்பெனிகளிலும் சுவிஸ் எலி என்று வழங்கும் வமிசத்தின் மூலம் அதுதான். மூன்று வாரத்தில் குட்டி ஈனுகிற, உள்ளங்கையில் அடங்குகிற, ஒன்றைப் போல் மற்றொன்று இருக்கிற பிராணி கிடைத்தபின், ஒன்றிரண்டு முயலில் கண்டதை வைத்து ஊகிப்பது போய், வரிசை வரிசையாக ஒப்பிட்டு எண்ணிப் பார்ப்பது இயல்வதாயிற்று.

அந்த எண்ணிக்கையின் பலத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் செஸ்டர் எம்மன்ஸ். அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் 1936-இல் சேர்ந்த இவர், பூஞ்சை நோய்களுக்கென்றே அங்கு அமர்த்தப்பட்ட முதல் நிபுணர். அவர் முன் நின்ற பெரும் புதிர் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை. பனாமாக் கால்வாய் வெட்டிய நாளில், 1905-இல், அங்கே இறந்த ஒரு தொழிலாளியின் உடலில் சாமுவேல் டார்லிங் முதலில் கண்ட இந்த உயிரும் வெகுகாலம் புரோட்டோசோவா என்றே எண்ணப்பட்டது. 1934-இல் நாஷ்வில் நகரத்து டிமான்பிரன் ஒரு குழந்தை நோயாளியிடமிருந்து அதை வளர்த்து, பிராணிகளில் ஏற்றித் திரும்பப் பெற்று, இதுவும் இரு கோலம் பூணும் பூஞ்சையே என்று நிறுவினார். அரிய நோய் என்றும், வந்தால் மரணம் நிச்சயம் என்றும் அதுவரை நம்பியிருந்தார்கள். 1945-இல் தோல் பரிசோதனைகள் செய்து பார்த்தபோது, அமெரிக்காவின் நடுப்பகுதியில் வாழும் ஏராளமான பேர் தாம் அறியாமலே இத்தொற்றைப் பெற்று, தாம் அறியாமலே குணமடைந்திருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. அப்படியானால் எங்கிருந்து பெற்றார்கள்?

மண்ணிலிருந்து என்று ஊகிப்பது எளிது, காட்டுவது கடினம். ஒரு பிடி மண்ணில் எத்தனையோ வகைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்டு. தட்டில் தூவினால் வேகமாக வளரும் பூசணங்கள் ஓரிரு நாளில் தட்டை மூடிவிட, மெல்ல வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா அடியில் அமுங்கிப்போகும். எம்மன்ஸ் சுண்டெலியையே சல்லடையாகக் கொண்டார். மண்ணை உப்புநீரில் கலக்கி, கனமான துகள்கள் அடியில் படிய விட்டு, மேலே நிற்கும் நீரில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளைச் சேர்த்து, எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தி, சில வாரங்கள் காத்திருந்து, பிறகு அதன் ஈரலையும் மண்ணீரலையும் எடுத்து வளர்ப்பூடகத்தில் வைத்தார். மண்ணில் இருந்த நூற்றுக்கணக்கான பூஞ்சைகளையும் எலியின் தேகம் தானே அழித்துவிட்டது. உயிருள்ள திசுவில் வாழத் தெரிந்த ஒன்று மட்டும் எஞ்சியது. 1949-இல் வர்ஜீனியா மாகாணத்து லௌடன் வட்டத்தில் எடுத்த மண்ணிலிருந்து அவர் ஹிஸ்டோபிளாஸ்மாவைப் பிரித்தெடுத்தார். கோழிக் கொட்டகை மண்ணில் அது செழிப்பது அடுத்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையை 1951-இல் மண்ணிலும், 1955-இல் புறாக்களின் எச்சத்திலும் அவர் கண்டுபிடித்தார். எலி எவற்றையெல்லாம் தன் உடலில் தங்க விடாமல் மறுத்ததோ, அந்த மறுப்பே இங்கே ஆராய்ச்சிக் கருவியாக அமைந்தது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நியூயார்க் மாகாணத்தில் இரண்டு பெண்கள் தபால் மூலமாக ஓர் ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார்கள். பூஞ்சை நிபுணரான எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில்; வேதியியல் அறிஞரான ரேச்சல் பிரவுன் சுமார் 150 மைலுக்கு அப்பால் ஆல்பனியில்; இருவரும் மாகாணச் சுகாதார இலாகாவின் ஊழியர்கள். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பாக்டீரியாவை வென்றுவிட்டன; பூஞ்சையை வெல்ல மருந்தில்லை. அதுமட்டுமன்று, பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் நோயாளிகளின் வாயிலும் குடலிலும் கேண்டிடா என்ற பூஞ்சை தடையின்றிப் பெருகத் தொடங்கியது. ஆகவே ஹேசன் பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து, அவற்றுள் பூஞ்சையை ஒடுக்குபவற்றைக் கண்ணாடி ஜாடியில் இட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வீரியமுள்ள சத்தைப் பிரித்துத் தபாலிலேயே திருப்புவார். ஹேசன் அதைப் பூஞ்சையின்மேலும் எலியின்மேலும் சோதிப்பார். கண்ணாடிக் குழாயில் பூஞ்சையை அழித்த சத்துகளில் அநேகமும் எலியையும் அழித்துவிட்டன. பூஞ்சையின் அணு, பாக்டீரியாவைப் போலன்றி, நம் அணுவுக்கு நெருங்கிய உறவுடையது; ஒன்றைக் கொல்லும் விஷம் மற்றொன்றையும் தொடுவதில் ஆச்சரியமில்லை. 1948-இல் ஹேசன் வர்ஜீனியாவில் தம் நண்பர் நௌர்ஸ் என்பவரின் பால்பண்ணை வயலிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த ஓர் உயிர் தந்த சத்து மட்டும் பூஞ்சையைக் கொன்று எலியை வாழவிட்டது. 1950-இல் அவர்கள் அதை அறிவித்தார்கள். மாகாணத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். குழந்தைகளின் நாவில் வெள்ளை படரும்போது இன்றும் மருத்துவர்கள் சொட்டு மருந்தாகக் கொடுப்பது அதுவே. அதனால் வந்த ஒன்றே கால் கோடி டாலருக்கும் மேற்பட்ட உரிமைத் தொகையில் ஒரு காசும் தமக்கென்று கொள்ளாமல் முழுவதையும் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்த அவ்விருவரையும் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு பத்தியேனும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மருந்து கிடைத்தபின், அதன் வலிமையை அளக்க நிலையான ஒரு நோய் வேண்டியிருந்தது. கேண்டிடாவைச் சுண்டெலியின் வால் நரம்பில் செலுத்தும் முறை அதற்காக வேரூன்றியது. இன்றும் நடக்கும் அம்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எலியை மூச்சு விடத் துளையிட்ட குழாயினுள் புகுத்தி, வால் மட்டும் வெளியே நீளும்படி நிறுத்துவார்கள். வாலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் இருபக்கத்திலும் ஓடும் நீல நரம்பு விரிந்து கண்ணுக்குத் தெரியும். மயிரிழைபோன்ற ஊசியால், பல லட்சம் பூஞ்சையணுக்கள் கலந்த சில துளி நீர் அதனுள் செல்லும். ஊசி நரம்பில்தான் நிற்கிறது என்பதற்கு அடையாளம், திரவம் தடையின்றி வழுக்கிச் செல்வது. நரம்பு தவறினால் வால் வெளுத்துப் புடைத்துவிடும். முதல் நாள் எலி வழக்கம்போலத் திரியும். அப்புறம் உரோமம் சிலிர்த்து நிற்கும், முதுகு கூன்விழும், தீனி குறையும், தினமும் தராசில் எடை இறங்கும். வயிற்றைத் திறந்தால் ஈரலும் மண்ணீரலும் பெரும்பாலும் தொற்றை அடக்கி வைத்திருக்க, சிறுநீரகங்கள் மட்டும் வீங்கி வெளிறி, மேற்பரப்பெங்கும் வெண்புள்ளிகளாகச் சீழ்ப்பொட்டுகள் நிறைந்திருக்கும். அச்சிறுநீரகத்தை அரைத்து நீர்த்து, பாரிஸ் நகரத்துச் சரும வைத்தியர் சாபூரோ வகுத்த ஊடகத்தில் பூசி, மறுநாள் எழும்பும் பாலாடை நிறத் திட்டுகளை எண்ணினால் மருந்து என்ன செய்தது என்பது எண்ணாகவே தெரியும். 1959-இல் ஹேசன்கிளவரும் 1963-இல் லூரியாவும் அவர் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் இம்முறை எங்கும் பரவியது.

ஊமை ஜீவனுக்கு நாமே நோயை ஊட்டி, அது கூன்விழுந்து கிடப்பதைக் குறிப்பெடுக்கும் இக்காரியத்தை மனம் கூசாமல் எழுத என்னால் இயலவில்லை. கூசியவர்கள் இத்துறைக்குள்ளேயே இருந்தார்கள். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள், பிராணிக்குப் பதில் வேறொன்று இயலுமானால் அதையே கொள்க, இயலாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க, அதன் வேதனையையும் குறைக்க என்ற மூன்று நெறிகளை ஒரு நூலாக எழுதினார்கள். மறு ஆண்டே நம் நாட்டில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்துக்கு மூலகாரணம் சென்னை கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவர் கொண்டுவந்த மசோதாவே, பின்னர் அரசாங்கத்தின் மசோதாவாக உருப்பெற்றது. அதில் பிராணிகள்மேல் நடத்தும் பரிசோதனைகளுக்கென்று தனி அதிகாரமே உண்டு. பெரிய பிராணிகளைத் தவிர்த்து, இயன்றவரை எலி, முயல், தவளை முதலியவற்றைக் கொள்ளச் சொல்கிறது அது. பாரம் சின்னஞ்சிறு பிராணியின்மேல் இறங்கியது என்றாலும், கணக்குக் கேட்கும் குழு ஒன்று ஏற்பட்டது அச்சட்டத்தால்தான். இன்று எலி தானாக இறக்கும்வரை காத்திருப்பது நல்ல ஆய்வு ஆகாது. எடை குறித்த அளவுக்கு இறங்கியவுடன் அதன் துன்பத்தை முடித்துவிட வேண்டும் என்பது விதி.

எலி மறுத்துக் கற்பித்த பாடங்களில் தலையாயது 1959-இல் வந்தது. சிட்ரான்ஸ்கியும் ஃப்ரீட்மனும் சுண்டெலிகளை அஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் மிதக்கும் காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். ஆரோக்கியமான எலிகளின் நுரையீரல் அவ்வித்துகளை முளைக்க விடவில்லை. கார்ட்டிசோன் கொடுக்கப்பட்ட எலிகளிலோ வித்துகள் முளைத்து, நூல்விட்டு, இரத்தக் குழாய்களைத் துளைத்துக்கொண்டு போயின. பூஞ்சை ஒன்றே, அளவும் ஒன்றே. மாறியது எலியின் நிலை மட்டும். மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் கார்ட்டிசோன் அப்போதுதான் அற்புத மருந்தாக உலகெங்கும் வழங்கத் தொடங்கியிருந்தது. அதை நெடுநாள் உட்கொண்டவர்கள் சிலர் யாரும் கேட்டறியாத பூசண நோயால் மாண்டுபோனதன் காரணம் அந்த எலிகளின் நுரையீரலில் தெளிவாகத் தெரிந்தது. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், 2021-இல், ஸ்டீராய்டு மருந்தும் நீரிழிவும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நோய் நம் ஊர்களில் பரவியபோது அதைப் புதிதாய் வந்த சாபம் போலப் பலர் பேசினார்கள். பூஞ்சை வேறாயினும், அதன் சூத்திரம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இதைவிட நுட்பமான பாடம் ஒன்றை உரோமமற்ற ஒரு சுண்டெலி தந்தது. 1962-இல் கிளாஸ்கோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உரோமமின்றிப் பிறந்த குட்டிகளின் வழிவந்த இந்த எலிக்கு, நெஞ்சறையில் இருக்க வேண்டிய தைமஸ் சுரப்பி இல்லை என்று 1968-இல் தெரிய வந்தது. தைமஸ் இல்லையானால், டி அணுக்கள் என்று சொல்லும் வெள்ளையணுக்கள் முதிர இடமில்லை. எதிர்ப்பாற்றலில் ஒரு கை முழுதும் இல்லாத பிராணி அது. கேண்டிடாவை இரத்தத்தில் செலுத்தினால் இது உடனே மடியும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1976-இல் கட்லரும், விஸ்கான்சினில் ரோஜர்ஸ், பாலிஷ் குழுவினரும் செய்து பார்த்தபோது, அது சாதாரண எலியைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது. கிரிப்டோகாக்கஸைச் செலுத்தினாலோ அதே எலி எளிதில் வீழ்ந்தது. ஆக, இரத்தத்தில் புகும் கேண்டிடாவைத் தடுப்பது ஒரு படை, கிரிப்டோகாக்கஸைத் தடுப்பது வேறொரு படை. சில ஆண்டுகளில் எய்ட்ஸ் நோய் தோன்றி மனிதரின் டி அணுக்களை அழித்தபோது, மருத்துவமனைகளில் கண்ட காட்சி இதற்கு ஒத்திருந்தது: நோயாளிகள் கிரிப்டோகாக்கஸ் மூளையுறைக் காய்ச்சலால் மாண்டார்கள்; கேண்டிடா அவர்களுடைய வாயிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் படர்ந்ததே ஒழிய, இரத்தத்தில் புகுந்து உறுப்புகளைத் தாக்கியது அபூர்வம்.

அந்நோயாளிகளுக்கு உதவிய ஃப்ளூகனசோல் மாத்திரையும் எலியின் சாட்சியால் பிழைத்ததே. இங்கிலாந்தில் சாண்ட்விச் நகரத்துப் பைசர் ஆய்வுக்கூடத்தில் கென் ரிச்சர்ட்சன் குழுவினர் அதை ஆக்கியபோது, கண்ணாடிக் குழாயில் அது வலிமையற்ற மருந்தாகவே தோன்றியது. நோயுற்ற எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தபோதோ முந்தைய மருந்துகளை வெகுவாக மிஞ்சியது. குழாயை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

இத்தனை பூஞ்சைகளையும் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்ட சுண்டெலி, எளிதில் ஏற்க மறுத்த பூஞ்சை ஒன்று உண்டு. அது நம் மண்ணின் பெயரைத் தாங்கியது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர், உழவர்களின் பாதம் வலியின்றி வீங்கி, உருக்குலைந்து, பல கண்களாகத் துளைவிட்டு, அத்துளைகளின் வழியே மணிமணியாகக் கசியும் நோயொன்றைக் குறித்து வைத்தார். மதுரைக் கால் என்ற பொருளில் ஆங்கிலேயர் அதற்கிட்ட பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று. வெறுங்காலோடு வயலில் நடப்பவன் காலில் முள் தைக்கிறது. முள் தைத்ததையே அவன் மறந்துபோன பிறகு, மாதங்களும் ஆண்டுகளும் கழித்து, நோய் எலும்பில் போய் நிற்கிறது. பம்பாயில் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் இந்நோயைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்த கை அவருடையது. கடுகளவுக் கறுப்பு மணிகளைக் கீறி, அவை பூஞ்சை நூல்களின் இறுகிய முடிச்சுகளே என்று காட்டி, 1860-இல் மைசெட்டோமா என்று பெயரிட்டு, 1874-இல் வண்ணப் படங்களோடு ஒரு நூலும் வெளியிட்டார். ஆயினும் அப்பூஞ்சையைப் பிராணிக்கு ஏற்றி அதே நோயை உண்டாக்கிக் காட்ட முடியவில்லை. பூஞ்சைதான் காரணமா, புண்ணில் பின்னால் குடியேறிய விருந்தாளியா என்ற ஐயம் எழுந்ததற்கு அதுவே இடமாயிற்று. 1905-இல் பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் அதற்கு மதுரெல்லா என்று பேரினப் பெயர் சூட்டிய பிறகும் ஒரு அரை நூற்றாண்டு கடந்தது. 1960-இல்தான் லண்டனில் மர்ரே, ஸ்பூனர், வாக்கர் ஆகியோர் சுண்டெலியில் இத்தொற்றை உண்டாக்கிய செய்தியை வெளியிட்டார்கள். 2003-இல் சூடான் நாட்டவரும் ராட்டர்டாம் நகரத்தவரும் சேர்ந்து நடத்திய ஆய்விலும், பூஞ்சையை எண்ணெய் கலந்த துணைப்பொருளோடு சேர்த்து எலியின் வயிற்றறையில் வைத்தே மணிகள் உருவாகச் செய்ய வேண்டியிருந்தது. வயிற்றில் மணி உருவாயிற்று. பாதத்தில் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து எலும்பைத் தின்னும் நோய் உருவாகவில்லை.

2015-இல் ராட்டர்டாம் குழுவினர் எலியை விட்டுத் தேன்கூட்டு மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்குத் திரும்பினார்கள். பாஸி தொடங்கியதும் புழுவில்தானே. புழுவின் உடலில் மதுரெல்லா விரைவாகவே மணி கட்டியது, ஆம்போடெரிசின் என்ற மருந்து புழுக்களைக் காத்தது. இதனால் எத்தனையோ எலிகளும் காப்பாற்றப்பட்டன. மைசெட்டோமாவை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2017-இல் கார்ட்டூம் நகரத்தில் ஃபாஸ்ராவுகனசோல் என்ற புதிய மருந்தின் சோதனை நோயாளிகளிடம் தொடங்கியது. ஆனால் புழுவின் சோதனை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. புழுவுக்கு எலும்பும் இல்லை, டி அணுவும் இல்லை. முள் தைத்த எத்தனையோ பேரின் பாதம் அப்பூஞ்சையை மறுக்க, ஒருவரின் பாதம் ஏன் இடம் கொடுக்கிறது என்ற கேள்வியை மதுரெல்லாவின் பொருட்டு இன்னும் சுண்டெலியிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.